வெயிலுக்கும் உண்டு கடைமடை

ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து, பொங்கி வரும் தண்ணீரில் பூத்தூவும் காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். காரைக்கால் விவசாயி அன்றைக்குச் சிரிக்கமாட்டார். அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, தஞ்சாவூரையும் திருவாரூரையும் நனைத்து, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் திருமலைராஜனாற்றிலும் நடந்து, தன் வாய்க்கால் மதகுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சிரிப்பார். கடைமடைக்காரருக்கு எதுவும் கடைசியில்தான் வரும். சில வருடங்களில் வராமலும் போகும்.

ஆனாலும் அவருக்கு ஒரு தைரியம் உண்டு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் தீர்ப்பு சொன்னபோது, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் கேரளாவுக்கும் பங்கு பிரித்துவிட்டு, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியது. காவிரித் தண்ணீர் பாய்கிற புதுச்சேரி என்றால் அது காரைக்கால்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் மற்ற மாநிலக் கணக்கில் கைவைத்தபோதும் இந்த 7-ஐத் தொடவில்லை. சின்ன எண்தான். ஆனால், எழுத்தில் இருக்கிற எண். தண்ணீர் வராத வருடத்தில், 'எங்கள் பங்கு எங்கே?' என்று கேட்க அது போதும்.

இப்போது வெயிலுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது.

நாடு முழுக்க சோலார் பண்ணைகள் முளைக்கின்றன. வயலும் தரிசும் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே உற்பத்தியாகும் மின்சாரம் பெரிய கம்பியில் ஏறி எங்கோ போய்விடுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? காரைக்கால் மாதிரியான ஒரு குட்டி ஊர், பெரிய சோலார் பண்ணை ஒன்று வருவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

டீக்கடைக் கணக்கு

மின்சார உற்பத்தி காரைக்காலுக்குப் புதிதில்லை. திருமலைராயன்பட்டினம் பகுதியில் புதுச்சேரி அரசு நிறுவனத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-ம் ஆண்டு முதல் இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடம் சின்னது. சூரிய மின்சாரம் அப்படி இல்லை. 1 மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் முடிந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. நிலம் அதிகம் தேவை என்றால் அக்கம்பக்கத்துக்காரர்களும் அதிகம் என்று அர்த்தம்.

ஒரு கிராமத்துக்கு இப்படி ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டீக்கடையில் பேச்சு எப்படிப் போகும்?

"அண்ணே, ஏக்கருக்கு வருஷ வாடகை தர்றாங்களாமே!"

"நெலம் வச்சிருக்கிறவனுக்குத் தர்றாங்க தம்பி. நடவுக்குப் போற ஒங்க அம்மாவுக்கு யாரு தரப்போறா?"

விஷயம் முழுக்க இந்த இரண்டு வரியில் இருக்கிறது. டெல்டாவில் ஒரு வயலை நம்பி ஒரு வீடு மட்டும் பிழைப்பதில்லை. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். அவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். சில இடங்களில் நிலம் கோயிலுக்குச் சொந்தமாக இருக்கும். குத்தகைக்கு உழுகிறவர் வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற பெண்கள் வேறு. அறுவடை முடிந்த வயலில் ஆடு, மாடு மேய்ப்பவர் வேறு. சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து, பயறு விதைப்பவர் வேறு. வாடகைக் காசோலை வருவது பட்டாக்காரர் பெயருக்கு மட்டும்.

பாவகடாவில் நடந்தது

இதற்கு நிஜ உதாரணம் கர்நாடகத்தில் இருக்கிறது. துமகூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பாவகடா தாலுகா. மழை ஏமாற்றியே பழகிய பூமி. அங்கே 5 கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அமைந்தது. 2018 மார்ச்சில் தொடக்க விழா நடந்தது.

இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். சுமார் 2,300 விவசாயிகளுக்கு நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. வானம் பார்த்துப் பயிர்செய்து வருடா வருடம் கடனில் விழுந்தவர்களுக்கு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும் இந்தப் பணம் பெரிய நிம்மதி. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் நிலம் இல்லாதவர்கள்? கூலி வேலைக்குப் போன வயல்கள் வேலிக்குள் போய்விட்டன. ஆடு மேய்த்த புல்வெளியும் போய்விட்டது. கட்டுமானம் நடந்தபோது ஏராளமானோருக்கு வேலை கிடைத்தது. பேனல்கள் நிமிர்ந்து நின்ற பிறகு மிஞ்சியது காவல், புல் வெட்டுவது, பேனல் கழுவுவது போன்ற சொற்ப வேலைகள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வருடம் தவறாத வருமானம். எதிர்வீட்டுக்கு இருந்த கூலியும் இல்லை.

குத்தகைக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 21,000 ரூபாய் 5 சதவீதம் வீதம் ஐந்து முறை உயர்ந்தால் சுமார் 26,800 ரூபாய் ஆகும். அதற்குப் பத்து வருடம் வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என்ன விலை இருந்தது என்று வீட்டில் கணக்கு எழுதுகிறவர்களைக் கேட்டால், இந்த உயர்வு போதுமா என்று சொல்லிவிடுவார்கள்.

வறண்ட பாவகடாவுக்கே இந்த நிலை என்றால், குறுவையும் சம்பாவும் விளையும் டெல்டா நிலத்தில் இழப்பு இன்னும் அதிகம். அதனால் காரைக்காலில் முதல் கேள்வி, 'எந்த நிலம்?' என்பதாக இருக்க வேண்டும். விளைகிற வயலா, உப்பேறிப் பயிர் எடுக்காத கடலோரத் தரிசா, அல்லது அரசுக் கட்டடங்களின் மொட்டை மாடியா? மாடியில் வைத்தால் யாருடைய கூலியும் போகாது.

ஒடந்துறையும் துண்டியும்

வாடகை வாங்குவது ஒரு வழி. சொந்தமாகவே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அதைச் செய்து காட்டிய ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒடந்துறை ஊராட்சி. அங்கே தலைவராக இருந்த ஆர்.சண்முகம் காலத்தில் எடுத்த முயற்சி அது. 2006-ல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஊருக்குள் அல்ல, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம். அதில் வரும் மின்சாரம் ஊராட்சியின் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் தேவைக்குப் போக, மீதி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. கடன் அடைந்த பிறகு வருமானம் ஊருக்கே. ஓர் ஊராட்சி, மின்சாரக் கட்டணம் கட்டுகிற இடத்திலிருந்து மின்சாரம் விற்கிற இடத்துக்கு வந்தது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமம். 2016-ல் அங்கே 6 விவசாயிகள் சேர்ந்து, சோலார் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் வயலுக்கு நீர் இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை மின்விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4.63 ரூபாய்க்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம். மின்சாரத்தை விற்றால் காசு என்று தெரிந்ததும், தேவைக்கு மேல் மோட்டார் ஓட்டி நிலத்தடி நீரை வீணாக்கவும் மனசு வராது. நெல், உளுந்து போல வெயிலும் ஒரு விளைபொருளானது.

மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த பி.எம்.குசும் திட்டத்திலும் இதற்கு வாசல் இருக்கிறது. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறிய சோலார் நிலையங்களை விவசாயிகள் மட்டுமல்ல, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி, உழவர் உற்பத்தியாளர் அமைப்பு, நீர்ப் பயனாளர் சங்கம் ஆகியவையும் அமைக்கலாம். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் அமைப்பதால் நீளமான மின்பாதையும் வேண்டாம். ஊர் அளவுக்கு ஏற்ற அளவு இது.

ஆற்றுக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயமா?

'தனியார் முதல்போட்டுக் கட்டுகிறார். ஊருக்கு ஏன் பங்கு தர வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

2008-ம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கை, அணை கட்டப்படும் மாநிலத்துக்கு ஏற்கெனவே இருந்த 12 சதவீத இலவச மின்சாரத்தோடு, உள்ளூர் வளர்ச்சி நிதிக்காகக் கூடுதலாக 1 சதவீதம் சேர்த்தது. திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 100 யூனிட் வீதம் 10 ஆண்டுகளுக்குத் தர வேண்டும் என்றும் சொன்னது. சுரங்கங்களுக்கு 2015-ல் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம நிதி வந்தது. சுரங்கம் தோண்டுபவர் அந்த மாவட்ட மக்களுக்காக அதில் பணம் கட்ட வேண்டும். ஆறும் கனிமமும் ஊர்ப் பொதுச்சொத்து என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. வெயிலில் ஓடும் தொழிலுக்கு இதுபோல நாடு முழுவதற்குமான விதி இல்லை.

வெளிநாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 2009 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு விதி இருந்தது: காற்றாலை அமைப்பவர், 4.5 கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதப் பங்குகளை விற்க முன்வர வேண்டும். ஜெர்மனியில் காற்றாலையும் சோலார் பண்ணையும் நடத்துபவர்கள், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.2 யூரோ சென்ட் வரை உள்ளூர் நிர்வாகத்துக்குத் தர சட்டம் வழி செய்திருக்கிறது. நம் பணத்தில் சுமார் 20 பைசா.

20 பைசாவில் என்ன வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 10 மெகாவாட் சோலார் பண்ணை ஒன்று காரைக்காலில் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1 மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். 10 மெகாவாட் 1.5 கோடி யூனிட். யூனிட்டுக்கு 20 பைசா என்றால் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய். 5 பைசாதான் தருவேன் என்றாலும் 7.5 லட்சம். அதுவே பணமாக வேண்டாம், 1 சதவீத மின்சாரமாகத் தாருங்கள் என்றால் 1.5 லட்சம் யூனிட். 125 வீடுகளுக்கு மாதம் 100 யூனிட் வீதம் வருடம் முழுக்க வரும்.

அந்த மின்சாரத்தை வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஓர் இடத்தில் உற்பத்தியானதைப் பல வீட்டு மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறையை டெல்லி 2019-லேயே கொண்டுவந்தது. மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் சோலார் பலன் போய்ச்சேர இதுதான் வழி.

எல்லைக் கோட்டில் ஒரு சிக்கல்

இனி காரைக்காலுக்கே உரிய மூன்று சிக்கல்கள்.

முதலாவது, அக்கம்பக்கம் என்றால் எதுவரை? காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். டென்மார்க் கணக்கில் 4.5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் அது சுமார் 64 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு. அந்த வட்டம் பல இடங்களில் எல்லை தாண்டி நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் விழும். இந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறை, அந்தப் பக்கம் தமிழ்நாடு மின்வாரியம். மழைக்காலத்தில் தண்ணீர் எல்லை பார்த்து நிற்பதில்லை. சோலார் பண்ணைக்காக ஒரு வயலை மண்ணடித்து உயர்த்தி வடிகாலை மறித்தால், மூழ்குவது தமிழ்நாட்டு விவசாயியின் சம்பாவாக இருக்கலாம். ஆகவே, பங்கு தருவதற்கு முன்னால் பாதிப்பு வராமல் பார்ப்பது முதல் கடமை. வடிகால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலி போட வேண்டும்.

இரண்டாவது, பணம் வந்தால் வாங்கிக்கொள்வது யார்? ஒடந்துறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருந்தது. தீர்மானம் போட்டது, கடன் வாங்கியது, கணக்குக் காட்டியது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகளாக அடுத்த தேர்தல் வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது. ஊர் தேர்ந்தெடுத்த ஆள் அங்கே இல்லை. இந்த நிலையில் ஊருக்கென்று வருகிற பணம், ஊர் கேட்காத வேலைக்குச் செலவாகிவிடும். கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்போ, தனிக் கணக்குடன் பொறுப்பேற்க முன்கூட்டியே தயாராக வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஊருக்குள் எப்படிப் பிரிப்பது? கடலோர மீனவக் கிராமங்களில் பங்கு என்பது பழகிய சொல். மீன் விற்ற காசில் செலவு போக, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, கடலுக்குப் போன ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். முதல்போட்டவருக்கும் பங்கு, உழைத்தவருக்கும் பங்கு. சோலாருக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பல ஊர்களில் நிவாரணம் தலைக்கட்டுக் கணக்கில் பிரிக்கப்பட்டது. ஆண் தலைவராக இல்லாத வீடுகள், கணவரை இழந்த பெண்களின் வீடுகள், அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகும் ஆபத்து அப்போதே பேசப்பட்டது. ரேஷன் அட்டைக் கணக்கில், பெண்ணின் பெயரில், வங்கிக்கு நேராகப் பணமோ மின்கட்டணக் கழிவோ போனால் அந்தத் தவறு திரும்ப நடக்காது.

கையெழுத்துக்கு முன்னால்

உங்கள் ஊரிலும் நாளை இப்படி ஒரு கூட்டம் நடக்கலாம். சாமியானா, நாற்காலி, சுண்டல், வாக்குறுதி எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறோம், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது தயவு. நிர்வாகம் மாறினால் நின்றுவிடும். ஒப்பந்தத்தில் எழுதிய பங்கு நிற்காது. ஆகவே இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

குத்தகைத் தொகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு உயரும்? விலைவாசி அதைத் தாண்டினால் என்ன செய்வது?

நிலத்தில் உழுகிற குத்தகைதாரருக்கும், கூலிக்கு வரும் பெண்களுக்கும் என்ன ஏற்பாடு? எத்தனை நிரந்தர வேலை, அதில் உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை?

யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று ஊருக்குத் தருவீர்களா? அது எந்தக் கணக்கில் வரும், அந்தக் கணக்கை யார் பார்க்கலாம்?

வடிகால், வாய்க்கால், மேய்ச்சல் பாதை எல்லாம் இப்போது இருப்பதுபோல் இருக்குமா? புயலில் பேனல் பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தால் யார் பொறுப்பு? கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

25 ஆண்டு முடிந்ததும் பழைய பேனலையும் கான்கிரீட்டையும் அகற்றி, நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் செலவில்?

புதுச்சேரிக்கு மின்கட்டணத்தை நிர்ணயிப்பது, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். முடிவெடுக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பது அதன் நடைமுறை. வழக்கமாகக் கட்டணம் உயரும்போதுதான் நாம் அங்கே குரல் கொடுக்கிறோம். 'சோலார் பண்ணை வரும் ஊருக்குப் பங்கு வேண்டும்' என்பதையும் அங்கே கேட்கலாம்.

திருநள்ளாறு சனீஸ்வரன், சூரியனின் பிள்ளை. பிள்ளை குடியிருக்கும் ஊரில் அப்பாவின் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. காவிரிபோல் அது யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தலைக்கு மேலேயே கொட்டுகிறது. அதை விற்றுக் காசாக்கும்போதுதான் மேல்மடை, கடைமடை என்ற பேதம் வருகிறது.

7 டி.எம்.சி. என்று ஒரு தீர்ப்பில் எழுதியிருப்பதால்தான் காரைக்கால் விவசாயி இன்றைக்கும் மதகடியில் நின்று கேட்க முடிகிறது. வெயிலில் நடவு நட்ட அந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். முதல் கம்பம் நடும் முன்பே அதை எழுதிவிட வேண்டும்.